புத்தகம் வராத ஊரில் வானொலி வழியே இலக்கியம்

பர்மாவில் தொங்வா பக்கத்துக் கிராமத்தில் பிறந்து யாங்கூனில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: வீட்டில் தமிழ் பேசுகிறோம், படித்ததெல்லாம் பர்மிய மொழியில், கோயில் வகுப்பில் கற்ற தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிகிறது; இந்த நிலையில் தமிழ் இலக்கியத்தையும் எழுத்தாளர்களையும் நம் பண்பாட்டு வரலாற்றையும் வானொலி நிகழ்ச்சிகளைக் கேட்டே தெரிந்துகொள்ள முடியுமா? முடியும் என்றால் எங்கே தொடங்குவது, எப்படிக் கேட்பது?

முடியும். நம்மைப் போன்றவர்களுக்கு இது மட்டமான வழி என்றும் நான் நினைக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. வானொலிப் பெட்டி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, நாம் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் மனத்தில் தங்காது. காதில் விழுந்த ஒரு பெயரையோ ஓர் ஊரையோ ஒரு புத்தகத்தையோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போகிறவருக்குத்தான் வானொலி கற்றுக்கொடுக்கும். அப்படிப் போனால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் நாம் இந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் (இன்றைய யாங்கூன்) நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். பர்மா முழுவதிலும் சுமார் 10 லட்சம் இந்தியர்கள் இருந்தார்கள். தமிழ் அச்சகங்களும் பத்திரிகைகளும் பள்ளிக்கூடங்களும் இந்த நகரத்தில் இருந்தன. 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு வீசியதும் லட்சக்கணக்கானவர்கள் காடும் மலையும் கடந்து இந்தியாவுக்கு நடந்தார்கள். போருக்குப் பிறகு ஓரளவு நிமிர்ந்த தமிழ் வாழ்வு, 1962இல் இராணுவ ஆட்சி வந்தபின் மறுபடியும் ஒடிந்தது. 1964இல் கடைகள் அரசுடைமையாயின; அதே ஆண்டில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. சுமார் 3 லட்சம் இந்தியர்கள் கப்பலேறினார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தனியார் பள்ளிகளும் தமிழ் நாளிதழ்களும் நின்றன. இங்கேயே தங்கிவிட்ட நம் குடும்பங்களில் ஒரு தலைமுறைக்குத் தமிழ் எழுத்து கண்ணுக்குப் படாமலே போயிற்று. ஆனால் காது அறுபடவில்லை. பாக்கு மரத்துக்கும் கூரைக்கும் நடுவே செம்புக் கம்பி கட்டி, சிற்றலையில் இலங்கை வானொலியையும் அகில இந்திய வானொலியையும் பிடித்துக் கேட்ட வீடுகள் ஐராவதி டெல்டா முழுக்க இருந்தன. பாட்டின் நடுவில் அலை தேய்ந்து, இரைச்சல் எழும்பி, மறுபடியும் குரல் தெளியும் வரை பெரியவர்கள் மூச்சு விடாமல் காத்திருப்பார்கள். எழுத்துத் தெரியாத பெண்கள்கூட அந்த வானொலியில் கேட்ட நாடக வசனத்தைச் சொல்லிக் காட்டுவார்கள். 'கற்றிலன் ஆயினும் கேட்க அஃதொருவற்கு ஒற்கத்தின் ஊற்றாந் துணை' என்று வள்ளுவர் கேள்வி அதிகாரத்தில் சொன்னது (படிக்காவிட்டாலும் கேட்டறிந்துகொள், தளரும்போது அது ஊன்றுகோலாகும்), படிக்க வழியில்லாமல் போன நமக்காகவே சொன்னது போல் இருக்கும்.

இலங்கை வானொலி இவ்வளவு தூரம் தாண்டி இங்கே கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவுக்கான நேச நாட்டுப் படைத் தலைமை இலங்கையில் இருந்தது. பர்மா, மலாயா பக்கம் இருந்த சிப்பாய்களுக்காகக் கொழும்பிலிருந்து 'ரேடியோ சியாக்' என்ற ஒலிபரப்பு நடந்தது. அதற்கென்று 100 கிலோவாட் ஆற்றலுள்ள சிற்றலைக் கருவி ஒன்றும் நிறுவப்பட்டது. போர் முடிந்தபின் அந்த வசதிகள் இலங்கைக்குக் கிடைத்தன. படைவீரர்களை நோக்கித் திருப்பி வைத்த கம்பத்திலிருந்து பிற்பாடு நமக்குத் தமிழ்ப் பாட்டும் நாடகமும் வந்தன.

இனி எங்கே தொடங்குவது என்ற கேள்வி. சங்க இலக்கியத்தில் தொடங்கி, சிலப்பதிகாரம், கம்பன், பாரதி என்று வரிசையாக வாருங்கள் என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கால வரிசையில் போனால் மூன்றாம் வாரத்தில் களைத்துவிடுவீர்கள். நீங்கள் நிற்கும் மண்ணிலிருந்து தொடங்குங்கள். பர்மாவையும் வானொலியையும் இலக்கியத்தையும் ஒன்றாக முடிந்துவைத்த கதைகள் நம் காலடியிலேயே கிடக்கின்றன.

அவற்றில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். ஜார்ஜ் ஆர்வெல் என்ற ஆங்கில எழுத்தாளரின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். எரிக் பிளேர் என்ற சொந்தப் பெயரில் 1922 முதல் 1927 வரை அவர் பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தார். துவாந்தே, சிரியம், இன்செயின், மோல்மீன், கதா என்று பல ஊர்களில் வேலை பார்த்தார். சிரியம் என்பது, உங்கள் ஊருக்கு நீங்கள் பஸ்ஸில் கடந்து போகும் இன்றைய தன்லின்தான். ஆர்வெலின் தாய்வழிப் பாட்டி வீடு மோல்மீனில் இருந்தது. அந்த ஊரை வைத்து அவர் எழுதிய கட்டுரை ஒன்று, மதம் பிடித்த யானையைச் சுட்டுக் கொன்றதைப் பற்றியது, 1936இல் வெளியாயிற்று. உலகம் முழுவதும் பள்ளிகளில் அதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். ஏகாதிபத்தியம் ஆள்பவனையே எப்படிப் பொம்மையாக்குகிறது என்று அதை விளக்குவார்கள். அது சரிதான். ஆனால் அந்தக் கட்டுரையில் யானை மிதித்துச் செத்துப்போகிற மனிதர் யார்? கறுத்த நிறமுள்ள ஒரு திராவிடக் கூலி என்று எழுதுகிறார் ஆர்வெல். பெயர் கிடையாது. அவர் சேற்றில் எப்படிக் கிடந்தார் என்ற வருணனை மட்டும் உண்டு. ஒரு கொரங்கிக் கூலியைவிட யானை விலை கூடியது என்று இளவயது வெள்ளைக்காரர்கள் பேசிக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறார். கோதாவரிக் கரையின் கொரங்கித் துறைமுகம் வழியாக வந்த தெலுங்குத் தொழிலாளர்களுக்கு இங்கே வழங்கிய பெயர் அது. ஆலையிலும் துறைமுகத்திலும் வயலிலும் அவர்களோடு தோள் உரசி வேலை செய்தவர்கள்தாம் நம் பாட்டன்மார். அந்தக் கூலி செத்தது நல்லதாயிற்று, சட்டப்படி என் பக்கம் நியாயம் இருப்பதாக ஆயிற்று என்று ஆர்வெல் தன்னை மறைக்காமல் எழுதுகிறார். அந்த நேர்மைக்காகவே அதை மதிக்கிறேன். ஆனால் அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும், செத்தவருடைய மனைவிக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கேள்வியை லண்டனில் இருக்கும் வாசகர் கேட்கப்போவதில்லை. நீங்களும் நானும்தான் கேட்க வேண்டும்.

கதை அங்கே நிற்கவில்லை. 1941இல் அதே ஆர்வெல் பிபிசியின் கிழக்கத்திய ஒலிபரப்பில் சேர்ந்தார். அந்த ஆண்டு மே 3ஆம் தேதிதான் பிபிசியில் தமிழ் ஒலிபரப்பும் தொடங்கியிருந்தது. போர்ச் செய்திகளை அலசி ஆர்வெல் ஆங்கிலத்தில் எழுதிய வாராந்தர மடல்கள் வங்காளம், குஜராத்தி, மராத்தி, தமிழ் ஆகிய மொழிகளில் பெயர்க்கப்பட்டு ஒலிபரப்பாயின. மோல்மீனில் பெயர் தெரியாத ஒரு கூலியின் சாவை எழுதிய கை, சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கூலியைப் போலக் கடல் கடந்து பிழைக்க வந்தவர்களுடைய மொழிகளில் ஒலிப்பதற்காக எழுதிக்கொண்டிருந்தது. இந்த இணைப்பை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. பழைய ஒலிபரப்புகளைத் தேடிக் கேட்கப் போய்த்தான் தெரிந்துகொண்டேன். 1942 ஆகஸ்டில் 'குரல்' என்ற பொருளுள்ள பெயரில் அவர் ஒரு கவிதைப் பத்திரிகையை வானொலியில் நடத்தினார். காகிதமே இல்லாத பத்திரிகை. ஆறு இதழ்கள் வந்தன. டி.எஸ். எலியட், வில்லியம் எம்சன், முல்க் ராஜ் ஆனந்த், ஜமைக்காவின் ஊனா மார்சன் ஆகியோர் அதில் பங்கேற்றார்கள். இ.எம். ஃபாஸ்டர் இந்திய நேயர்களுக்காகப் புத்தகங்களைப் பற்றித் தொடர்ந்து பேசினார். இவ்வளவு செய்தும், பயன் இல்லாத வேலையில் காலம் கழிகிறது என்று எழுதிவிட்டு 1943இல் ஆர்வெல் வேலையை விட்டார். அந்த யானைக் கட்டுரையையே 1948 அக்டோபரில் பிபிசி ஒலிபரப்பியது.

பாருங்கள், ஒரே ஒரு பெயரைப் பிடித்ததில் தன்லின், மோல்மீன், தெலுங்குத் தொழிலாளர், தமிழ் ஒலிபரப்பின் தொடக்கம், லண்டன் கவிஞர்கள் என்று எவ்வளவு வந்து சேர்கிறது! வானொலியைக் கேட்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

அடுத்ததாக நீங்கள் தேடவேண்டிய பெயர் வெ. சாமிநாத சர்மா. திரு.வி.க.வோடு 'தேசபக்தன்', 'நவசக்தி' பத்திரிகைகளில் வேலை பார்த்த இவர், 1932இல் ரங்கூனுக்கு வந்து பத்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்தார். 1937 முதல் 'ஜோதி' என்ற மாத இதழை இந்த நகரத்திலிருந்து நடத்தினார். பிளாட்டோவையும் ரூசோவையும் தமிழில் தந்தவர். 1942இல் மனைவியோடு பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்தே போனார். அந்த நடையை 'எனது பர்மா வழி நடைப் பயணம்' என்ற நூலாக எழுதினார். இவரைப் பற்றிய வானொலி உரைகள் பெரும்பாலும் மொழிபெயர்ப்புப் பணியைப் புகழ்ந்துவிட்டுப் பர்மாவை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடும். நமக்கு அந்த ஒரு வாக்கியம்தான் முக்கியம். எங்கள் கோயில் வகுப்பில் அந்த நூலின் சில பக்கங்களை நான் உரக்க வாசித்தபோது, தமிழ் எழுத்தே தெரியாத ஒரு பாட்டி, தம் தாயார் சொன்ன வழியை இடையிடையே சொல்லிக்கொண்டு வந்தார்: எந்த ஊரில் மாட்டு வண்டி கிடைத்தது, எங்கே தண்ணீருக்குக் காசு கேட்டார்கள், எந்த இடத்தில் நகையை அவிழ்த்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தப் பாட்டியைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

சர்மாவோடு சேர்த்து ஏ.கே. செட்டியாரையும் தேடுங்கள். ரங்கூனில் 'தனவணிகன்' இதழின் ஆசிரியராக இருந்தவர். உலகம் சுற்றிக் காந்தியடிகளைப் பற்றிய படக்காட்சிகளைத் திரட்டி 1940இல் ஆவணப்படமாக வெளியிட்டவர். ஹெப்சிபா ஜேசுதாசன் பர்மாவில் வளர்ந்தவர்; அவருடைய 'மா-னீ' நாவல் பர்மாவைக் களமாகக் கொண்டது. அவருடைய பெயரை 'புத்தம் வீடு' என்ற நாவலோடு மட்டும் சேர்த்துச் சொல்லும் நிகழ்ச்சிகளே அதிகம். நம்மவர்கள் அவரை இன்னும் உரிமையோடு கொண்டாட வேண்டும்.

நம் ஊரும் ஒரு காலத்தில் தமிழ் ஒலிபரப்பிய ஊர்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1944 ஜனவரியில் நேதாஜி தம் தலைமையிடத்தை ரங்கூனுக்கு மாற்றியபோது ஆசாத் ஹிந்த் வானொலியும் இங்கே இயங்கியது. காந்தியடிகளைத் தேசத்தின் தந்தையே என்று விளித்து அவர் 1944 ஜூலை 6ஆம் தேதி ஆற்றிய உரை அந்த வானொலியில்தான் ஒலித்தது.

பர்மாவைச் சுற்றி ஒரு வட்டம் போட்ட பிறகு, வானொலிக்குள் இருந்த எழுத்தாளர்களிடம் போகலாம். நான் மிகவும் விரும்பும் பகுதி இது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16ஆம் தேதியும், திருச்சி நிலையம் 1939 மே 16ஆம் தேதியும் தொடங்கின. எழுத்தாளர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்த இடங்கள் தமிழ்நாட்டில் அப்போது குறைவு. பத்திரிகை அலுவலகம், பள்ளிக்கூடம், அடுத்தபடியாக வானொலி நிலையம். மீ.ப. சோமு திருச்சி நிலையத்தில் இருந்தார். சுகி சுப்பிரமணியன் சென்னையில் நாடகங்களை நடத்தினார். தி. ஜானகிராமன் பள்ளி ஒலிபரப்புப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து, பிறகு டில்லிக்குப் போனார். அகிலனும் சென்னை நிலையத்தில் பணியாற்றியவர். ஜானகிராமன் கதைகளை யாராவது உரக்கப் படிக்கக் கேளுங்கள். இன்னார் பேசினார் என்று சொல்லாமலே பேசுவது யார் என்று குரலில் தெரிந்துவிடும். காதுக்காக எழுதிப் பழகியதும் அந்தத் தேர்ச்சிக்கு உதவியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இலங்கைப் பக்கம் சானா என்கிற சண்முகநாதன் நடத்திய 'இலண்டன் கந்தையா' போன்ற நாடகங்களால் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழ் வீட்டுக்கு வீடு போயிற்று. சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' தொடரை இன்றும் நினைவு கூர்கிறவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் கவிஞர் ந. பழநிவேலு வானொலியில் இருந்துகொண்டு நாடகங்களை எழுதிக் குவித்தார். புதுமைதாசனின் 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' அந்த ஊர்த் தமிழரின் அடுக்குமாடி வாழ்க்கையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது. நமக்கு நெருக்கமானவை இவைதான். தமிழ்நாட்டுக்கு வெளியே, வேறொரு மொழிக்கு நடுவில் வாழ்கிற தமிழர் எப்படிப் பேசினார்கள், எதைப் பற்றிச் சண்டை போட்டார்கள் என்பதை இந்த நாடகங்களில் அறியலாம்.

வானொலிக்காரர்களில் ஒருவரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம். இலங்கை வானொலியில் பணிபுரிந்து, பிறகு லண்டன் பிபிசிக்குப் போனவர். 'தேமதுரத் தமிழோசை' என்ற பாரதியின் அடியிலிருந்து 'தமிழோசை' என்ற பெயரை அந்த ஒலிபரப்புக்குச் சூட்டியவர் இவர். 'ஒலிபரப்புக் கலை' என்று ஒரு நூல் எழுதினார். பிற்காலத்தில் எழுத்தாளர் சிட்டியோடு சேர்ந்து தமிழ் நாவலின் நூறாண்டு வரலாற்றை 1977இல் வெளியிட்டார். சிறுகதையின் வரலாற்றையும் இருவரும் சேர்ந்தே எழுதினார்கள். 'தணியாத தாகம்' தந்த சில்லையூர் செல்வராசனும் 1967இல் ஈழத்துத் தமிழ் நாவல் வளர்ச்சியைப் பற்றி நூல் எழுதியவர். கடல் கடந்து, கையில் புத்தகம் இல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கும் நேயருக்கு ஓர் எழுத்தாளரை அறிமுகம் செய்யவேண்டும் என்றால், அவர் யார், எந்த ஊர், அவருக்கு முன்னால் யார் எழுதினார் என்று முதலிலிருந்து சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த வேலையை நாள்தோறும் செய்தவர்கள் இலக்கிய வரலாறு எழுத முனைந்தது இயல்பு என்று எனக்குப் படுகிறது. வானொலி வழியே இலக்கியம் தெரிந்துகொள்ள முடியுமா என்று கேட்கும் உங்களுக்கு இவர்கள் இருவருமே நல்ல சான்று.

கேட்கும் முறைக்கு வருகிறேன். சிற்றலையின் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் தேதி நின்றது. இன்று சிங்கப்பூரின் ஒலி 96.8, மலேசியாவின் மின்னல் பண்பலை, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவை, அகில இந்திய வானொலி எல்லாவற்றையும் இணையத்தில் கேட்கலாம். பழைய நேர்காணல்களும் நாடகங்களும் பதிவுகளாகக் கிடைக்கின்றன. மின்சாரமும் இணையமும் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத நம் நிலையில், வரும்போது பதிவிறக்கி வைத்துக்கொண்டு பிறகு கேட்பதே நடைமுறைக்கு ஒத்தது. ஒரே பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்க முடிவதில் ஒரு வசதியும் இருக்கிறது. நம் பெரியவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அலை தேய்ந்தால் போனது போனதுதான்.

எல்லா வகை நிகழ்ச்சிகளும் ஒன்றல்ல. எழுத்தாளர் தாமே பேசும் நேர்காணலுக்கு முதலிடம் கொடுங்கள். அவர் எங்கே தயங்குகிறார், எந்தக் கேள்விக்குக் குரல் உயர்கிறது என்பதை அச்சில் பார்க்க முடியாது. இரண்டாவது, கதை வாசிப்பும் நாடகமும். மொழி வளர இவற்றைப் போல் உதவுவது வேறொன்றும் இல்லை. நினைவு நாள், பிறந்த நாள் சிறப்பு உரைகளை நான் அதிகம் நம்புவதில்லை. பாராட்டுச் சொற்களே பாதி நேரத்தைத் தின்றுவிடும். பட்டிமன்றம் கேட்கச் சுவையாக இருக்கும், ஆனால் அதில் வரும் வரலாற்றை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கைதட்டலுக்காகச் சொன்ன கதை நாளடைவில் உண்மைபோல் உலவ ஆரம்பித்துவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். பர்மிய எழுத்தில் எழுதினாலும் பரவாயில்லை. சர்மாவைப் பற்றி ஓர் உரை கேட்டால் என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கும்: இடப் பக்கத்தில் காதில் விழுந்த பெயர்கள் — திரு.வி.க., நவசக்தி, ஜோதி, பிளாட்டோ. வலப் பக்கத்தில் என் கேள்விகள் — ஜோதி அச்சான தெரு எது? யார் காகிதம் கொடுத்தார்கள்? மோல்மீனுக்கும் பெகுவுக்கும் இதழ் போயிற்றா? பழைய பிரதி யார் வீட்டிலாவது இருக்கிறதா? வலப் பக்கம் நிரம்பவில்லை என்றால் அந்த உரையை நான் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வேன். இடப் பக்கத்தை இணையத்தில் சரிபார்க்கலாம். வலப் பக்கத்துக்கு விடை நம் ஊர்ப் பெரியவர்களிடம்தான் இருக்கிறது. அவர்களும் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள்.

வானொலியில் வராதது எது என்பதையும் கவனியுங்கள். பர்மாத் தமிழர் வரலாறு என்றாலே செட்டிநாட்டு வட்டிக்கடைகளைப் பற்றிப் பேசுவார்கள். பேசவேண்டியதுதான்: 1930களின் நெருக்கடியில் கடன் திரும்பாமல் போகவே, முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் நாலில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வந்துவிட்டது, அதிலிருந்து மூண்ட பகையை நாம் எல்லோரும் அனுபவித்தோம். ஆனால் அந்த நிலத்தில் இறங்கி நாற்று நட்ட தமிழ்ப் பெண் என்ன பாட்டுப் பாடினாள்? முனீஸ்வரன் கோயிலில் தீ மிதிக்க எந்த ஊர்ப் பூசாரி வந்தார்? தாய் தமிழச்சி, தகப்பன் பர்மியர் என்ற வீடுகளில் எந்த மொழியில் தாலாட்டுப் பாடினார்கள்? இவற்றை எந்த நிலையமும் நமக்காகத் தேடித் தரப்போவதில்லை. உங்கள் கைப்பேசியிலேயே ஒலிப்பதிவு இருக்கிறது, நீங்களே செய்யுங்கள். நல்ல வானொலி நேர்காணல்களைக் கவனித்தால் ஒன்று புரியும்: அந்தக் காலம் எப்படி இருந்தது என்று பொதுவாகக் கேட்டால் நன்றாக இருந்தது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வீட்டில் என்ன விளக்கு எரிந்தது, அரிசி எதில் அளந்தார்கள், வானொலிப் பெட்டி யார் வீட்டில் இருந்தது, அங்கே போய்க் கேட்க விட்டார்களா என்று பொருளைப் பிடித்துக் கேட்டால் கதை தானாக வரும். நடுவில் குறுக்கிடாதீர்கள். பர்மியச் சொல் கலந்து பேசினால் திருத்தாதீர்கள். லோஞ்சி, மோஹிங்கா என்று அவர் சொல்வதெல்லாம் நம் தமிழ்தான்.

எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிரமத்தைப் பற்றி வருத்தத்தோடு எழுதியிருந்தீர்கள். அதற்கும் இதே வழி உதவும். மூலப் பாடம் எளிதாகக் கிடைக்கிற நிகழ்ச்சிகளாகத் தேர்ந்தெடுங்கள். திருக்குறள் விளக்கம், பாரதியார் பாடல்கள், ஆழ்வார் நாயன்மார் பாசுரங்கள் எல்லாவற்றுக்கும் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் மூலம் இருக்கிறது. பத்து நிமிடப் பதிவை முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அடுத்த முறை எழுத்தின் மேல் விரலை வைத்து, குரலோடு நகருங்கள். காதால் ல, ள, ழ மூன்றையும் பிரித்தறிவது நம் எல்லோருக்குமே கடினம். கண்ணும் காதும் சேரும்போது அது நாளடைவில் பிடிபடும். உரைநடைக்கு வந்ததும் சர்மாவின் நடைப் பயண நூலை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய நூல்கள் நாட்டுடைமையானவை. தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் தேடுங்கள். சின்னச் சின்ன வாக்கியங்கள்; உங்களுக்குத் தெரிந்த ஊர்ப்பெயர்கள் வரும். முதலில் ஒரு பக்கத்தை நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள், கேட்டுக்கொண்டே படியுங்கள். அப்படி வாசித்துத் தர ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், நான் வாசித்து அனுப்புகிறேன்.